திருப்பணிக்குப் பிறகே குடமுழுக்கு: சென்னையின் பழைய கட்டடங்களுக்கு நாள் குறித்த அனுபவம்

வடசென்னையில் உள்ள பழைய பள்ளி ஒன்றில் நான் வரலாற்று ஆசிரியராகப் பணியாற்றியபோது, அப்பள்ளியின் கூட்ட அரங்குக்கு நூற்றாண்டு விழா எடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அரங்கின் வாசலில், இடப்பக்கத் தூணை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஓர் அடிக்கல் பதிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த ஆண்டோடு நூறைக் கூட்டினேன். அழைப்பிதழ் அச்சுக்குப் போயிற்று. விழா நாளன்று முதல் வரிசையில் அமர்ந்திருந்த, எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர், நிகழ்ச்சி முடிந்ததும் என்னைத் தனியே அழைத்துக் கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார். அவருடைய தாத்தா அப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்; அந்தத் தாள் அவர் காலத்து அழைப்பிதழ். "சார், இது ஹால் திறந்த அன்னைக்குக் கொடுத்த பத்திரிகை. நூறு ஆகறதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கே" என்றார். கல்லில் இருந்தது அடிக்கல் நாட்டிய ஆண்டு. கட்டி முடித்துக் கதவு திறக்க மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஒன்றைக்கூடச் சரிபார்க்காமல் விழா எடுத்திருந்தேன்.

ஆண்டுக் கணக்கில் ஏற்பட்ட பிழையைத் திருத்திக்கொள்ள முடியும். அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று. விழாவுக்காக அரங்கின் சுவர்களுக்கு வண்ணம் அடித்தபோது, எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று அடிக்கல்லின் மீதும் எனாமல் பூசிவிட்டார்கள். மேல் வரியில் ஆழமாக வெட்டிய எழுத்துகள் மட்டும் தப்பின. கீழ் வரிகள் முழுவதும் வண்ணத்துக்குள் மூழ்கிப்போயின. மேற்கூரையில் மழைக்கு ஒழுகிய இடத்தைச் சரிசெய்யப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டுப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பொன்னாடைக்கும் செலவு செய்தோம். அந்த முடிவை எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

இந்த மண்ணில் ஒரு கட்டடத்துக்கு ஆண்டு நிறைவு கொண்டாடும் வழக்கம் புதிதன்று. கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்த நாளை ஆண்டுதோறும் வருஷாபிஷேகமாகக் கொண்டாடுகிறோம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் குடமுழுக்கு நடத்த வேண்டும் என்பது மரபு. அந்த மரபில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதி அமைத்துத் திருப்பணியைத் தொடங்குவார்கள். விமானத்தில் முளைத்த செடியைப் பிடுங்கி, தளவரிசையைச் செப்பனிட்டு, ஒழுக்கை அடைத்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கலசத்தில் நீர் ஊற்றுவார்கள். அதன் பிறகும் 48 நாள் மண்டலாபிஷேகம் நடக்கும். நீதிமன்றம், ரயில் நிலையம், கல்லூரி, நூலகம் போன்ற பழைய கட்டடங்களுக்கு விழா எடுக்கும்போது மட்டும் நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகிறோம்; முதலில் விழா, திருப்பணி பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அந்த அம்மையாரிடம் தலைகுனிந்து நின்ற நாளுக்குப் பிறகு, சென்னையின் பழைய கட்டடங்களுக்கென்று ஒரு குறிப்பேட்டைத் தொடங்கினேன். ஒவ்வொன்றின் நாளையும் தேடி எழுதி, அந்தந்த நாளில் பதினைந்து இருபது பேரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்து வருவதை இன்றுவரை தொடர்ந்து செய்துவருகிறேன்.

குறிப்பேட்டில் முதலில் நான் போட்டுக்கொண்ட கோடு, நிறுவனத்தின் வயதையும் கட்டடத்தின் வயதையும் பிரிக்கும் கோடு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. சென்னை உயர் நீதிமன்றம் 1862 ஆகஸ்ட் 15 அன்று செயல்படத் தொடங்கியது. இன்று நாம் காணும் செந்நிறச் செங்கல் கட்டடமோ 1892 ஜூலை 12 அன்றுதான் திறக்கப்பட்டது. 2012இல் கொண்டாடப்பட்ட 150ஆம் ஆண்டு நீதிமன்றத்துக்கு உரியது; கட்டடத்துக்கு அப்போது 120 வயதுதான். மாநகராட்சி 1688இல் தொடங்கியது, ரிப்பன் மாளிகைக்குள் அது குடிபுகுந்ததோ 1913இல். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் பிறந்தது. ராபர்ட் சிஷோல்ம் வடிவமைத்த செனட் ஹவுஸ் 1879இல் முடிந்தது. மாநிலக் கல்லூரி 1840. கடற்கரையை நோக்கி நிற்கும் அதன் கட்டடம் 1870. நிறுவனத்தின் விழாவை எடுத்தால் மேடையில் துணைவேந்தரும் நீதியரசரும் பேசுவார்கள், அது அவர்களுக்கு உரிய நாள்தான். கட்டடத்தின் விழாவை எடுத்தால்தான் கொத்தனாரையும் தச்சரையும் ஒப்பந்தக்காரரையும் நினைக்க இடம் கிடைக்கும். உயர் நீதிமன்றத்தைக் கட்டிய நம்பெருமாள் செட்டியையும், ரிப்பன் மாளிகையைக் கட்டிய லோகநாத முதலியாரையும், எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டிய சாமிநாத பிள்ளையையும் இளைஞர்களிடம் சொல்ல அந்த நாளைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

கட்டடத்துக்கே கூட ஒரே ஒரு நாள் இருப்பதில்லை. அடிக்கல் நாட்டிய நாள், கட்டி முடிந்த நாள், திறந்து வைத்த நாள், பயன்பாட்டுக்கு வந்த நாள் என்று குறைந்தது நான்கு இருக்கும். ராயபுரம் ரயில் நிலையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதைக்காக எழுந்த அந்த நிலையத்தை ஆளுநர் ஹாரிஸ் பிரபு 1856 ஜூன் 28 அன்று திறந்து வைத்தார். பொதுமக்களுக்கான போக்குவரத்து ஜூலை 1 அன்று தொடங்கியது. மூன்றே நாள் வேறுபாடுதான் என்றாலும், ஒருவர் ஒரு தேதியைச் சொல்ல மற்றவர் இன்னொன்றைச் சொல்ல, இருவருமே சரியாகச் சொல்லிக்கொண்டு வாதாடுவதை அங்கேயே நின்று கேட்டிருக்கிறேன். ரிப்பன் மாளிகைக்கு மின்டோ பிரபு அடிக்கல் நாட்டியது 1909 டிசம்பரில். திறப்புக்கும் அதற்கும் நான்கு ஆண்டு இடைவெளி. விக்டோரியா பொது மண்டபத்துக்கு 1883இல் அடிக்கல் நாட்டினார்கள். 1887இல் வந்த அரசியின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டியே அதற்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டது. ஆகவே எந்த நாளைக் கொண்டாடுகிறோம் என்பதை அழைப்பிதழிலேயே ஒரு சொல்லில் தெளிவாக எழுதிவிட வேண்டும். 'நூற்றாண்டு விழா' என்று மட்டும் அச்சிடாமல் 'திறப்பு விழாவின் நூற்றாண்டு' என்று அச்சிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். என் விருப்பத்தைக் கேட்டால், கதவு திறந்து மக்கள் உள்ளே வந்த நாளையே தேர்ந்தெடுப்பேன். ஏனென்றால் அடிக்கல் நாளில் இருப்பது ஒரு கல்லும் சில பிரமுகர்களும்தான்.

பழைய நாள்களில் இன்னொரு சிக்கல், நாள்காட்டியே மாறியிருப்பது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் பணி 1678 மார்ச் 25 அன்று தொடங்கியது. 1680 அக்டோபர் 28 அன்று அது அர்ப்பணிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் பழைய ஜூலியன் நாள்காட்டியைப் பின்பற்றினார்கள். 1752இல்தான் இன்றைய நாள்காட்டிக்கு மாறினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வேறுபாடு உண்டு. அதுமட்டுமன்று, அவர்களுக்கு அப்போது ஆண்டே மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. எனவே கோட்டைப் பதிவேடுகளில் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளைக் கண்டால், அந்த ஆண்டு நம் கணக்கில் அடுத்த ஆண்டாக இருக்கக்கூடும் என்பதை மறக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு, ஏட்டில் உள்ள நாளை மாற்றிப் புது நாளில் விழா எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஏட்டில் உள்ள நாளை அப்படியே வைத்துக்கொண்டு, அது எந்த நாள்காட்டியின் நாள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டால் போதும். சென்னை நாளாகக் கொண்டாடப்படும் ஆகஸ்ட் 22 பற்றியே இப்படி ஒரு விவாதம் உண்டு. 1639ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குத் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் தந்த கொடைச் சாசனத்தின் மாதம் ஜூலையா ஆகஸ்டா என்று ஆய்வாளர்கள் வாதாடியிருக்கிறார்கள். டே இந்தக் கரைக்கு வந்து சேர்ந்ததே ஜூலை இறுதியில்தான் என்பதால் ஆகஸ்டே பொருந்தும் என்பது பெரும்பாலோர் முடிவு.

தமிழில் வெட்டிய கல்லாக இருந்தால் வேறு எச்சரிக்கை தேவை. சத்திரங்களிலும் மடங்களிலும் பழைய வீட்டு வாசல்களிலும் பல கற்களில் 'சௌமிய வருஷம்' என்பதுபோல் ஆண்டின் பெயரும் மாதமும் நாளும் மட்டுமே இருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வருவதால், 1909 ஏப்ரலில் பிறந்ததும் சௌமிய, 1969 ஏப்ரலில் பிறந்ததும் சௌமிய. எழுத்தின் வடிவம், கல்லில் உள்ள பெயர்கள், கட்டடத்தின் செங்கல் அளவு ஆகியவற்றைப் பார்த்து எந்தச் சுற்று என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். தமிழ் எண்களில் பொறித்த கற்கள் மேலும் கவனம் கேட்பவை. 1892 என்பதை ௲௮௱௯௰௨ என்று, ஆயிரத்துக்கும் நூறுக்கும் பத்துக்கும் தனித்தனிக் குறியோடு எழுதும் வழக்கம் இருந்தது. பழகாத கண்ணுக்கு ௧ என்பது ககரமாகவும் ௮ என்பது அகரமாகவும்தான் தெரியும். என் குழுவில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, அப்படி ஒரு கல்லை எழுத்தாகவே கூட்டிக்கூட்டிப் படித்துப் பொருள் பிடிபடாமல் நெடுநேரம் நின்று, பிறகு "ஐயா, இது சொல் இல்லை, கணக்கு" என்று வியந்து கூவிய அந்த மாலை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

கல்லைப் படிக்க நான் கற்றுக்கொண்ட முறை எளியது. பட்டப்பகலில் நேராக வெயில் விழும்போது எழுத்து தெரியாது. மாலை மங்கிய பிறகு, ஒரு சாதாரண டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், முகத்தோடு முகம் ஒட்டியதுபோல் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது வெட்டின் ஒரு கரை ஒளி வாங்கி, மறுகரை நிழலில் விழுந்து, சுண்ணாம்புப் பூச்சுக்குள் அமிழ்ந்த எழுத்துகூட மெல்ல மேலெழும்பி வரும். டார்ச்சை நாலு பக்கமும் மாற்றி மாற்றிப் பிடித்து நாலு படம் எடுத்துவிட்டால், வீட்டுக்கு வந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்கலாம். சாக்குக்கட்டியைத் தேய்த்து எழுத்தை வெளுப்பாக்குவது, கம்பித் தூரிகையால் சுரண்டுவது, எலுமிச்சைச் சாறோ அமிலமோ ஊற்றுவது ஆகிய மூன்றையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றுமே கல்லைத் தின்பவை. படி எடுத்தே ஆக வேண்டும் என்றால் கல்வெட்டுத் துறையில் பயின்றவரை அழைத்து மைப்படி எடுக்க வேண்டும்.

கல் ஒன்றை மட்டும் நம்பி நாள் குறிக்கவும் கூடாது. கல்லில் உள்ளதை அந்தக் காலச் செய்தித்தாளோடும் அரசு ஆணைகளோடும் ஒப்பிட வேண்டும். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இந்த வேலைக்கு எனக்குப் பெரிதும் கைகொடுத்தன. இவற்றுக்கு நிகரான சான்றுகள் குடும்பங்களிடமும் உண்டு என்பதை அந்த அம்மையாரின் கைப்பைதான் எனக்குக் கற்பித்தது. அதற்குப் பிறகு எந்தக் கட்டடத்துக்கு நாள் குறித்தாலும், அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வீட்டில் பழைய அழைப்பிதழோ நிழற்படமோ இருக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு முன்பே கேட்கத் தொடங்கிவிடுவேன். அவற்றை வாங்கி வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

நாள் உறுதியானதும் அடுத்தது அனுமதி. கோட்டைக்குள் போக அடையாள அட்டை வேண்டும், அங்கே சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இருப்பதால் படம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. ரயில் நிலையம் என்றால் நடைமேடைச் சீட்டு. நீதிமன்றம் என்றால் எழுத்து மூலம் முன்கூட்டியே கேட்க வேண்டும். கடிதத்தில் வருவோரின் எண்ணிக்கையையும் நேரத்தையும் எந்தெந்தப் பகுதியைப் பார்க்கப்போகிறோம் என்பதையும் எழுதிவிட்டால் பெரும்பாலும் மறுப்பதில்லை. இருபது பேருக்கு மேல் அழைத்துச் செல்வதை நான் நிறுத்திவிட்டேன். கூட்டம் பெரிதானால் பின்வரிசைக்குக் காது கேட்காது; கேட்காதவர்கள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள்.

எந்தப் பருவத்தில் நாள் வருகிறது என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று. எழும்பூர் ரயில் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. அந்த நாளில் காலை ஏழு மணிக்குள் வெளிப்புறத்தைப் பார்த்து முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் முதியவர்கள் தாங்கமாட்டார்கள். புனித மேரி தேவாலயத்தின் அக்டோபர் 28உம் கன்னிமாராவின் டிசம்பர் 5உம் வடகிழக்குப் பருவமழைக்குள் வருபவை. முதலில் மழைக்குப் பயந்து இத்தகைய நாள்களைத் தள்ளிவைத்தேன்; இப்போது குடை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன். மழை பெய்யும்போதுதான் எந்தத் தூம்பு அடைத்திருக்கிறது, எந்த மூலையில் சுவர் நனைகிறது, எங்கே தண்ணீர் தேங்கித் தளத்துக்குள் இறங்குகிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெயில் நாளில் நூறு முறை சுற்றி வந்தாலும் தெரியாதது, ஒரு மழைக்குக் கீழே பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

கட்டடத்தைப் பார்க்கும் கண் எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததன்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய மேஸ்திரி ஒருவர் இரண்டு நாள் என்னோடு வந்து கற்றுக்கொடுத்தது. விரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே நடப்பார். கெட்டியான இடத்தில் மொத்தென்று கேட்கும். காரை செங்கல்லைவிட்டுப் பிரிந்த இடத்தில் பானையைத் தட்டுவதுபோல் வெறுமையாக ஒலிக்கும். ஓர் இடத்தில் தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவர் வெள்ளையாகப் பொடிந்து, தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கு மேலே சிமெண்ட் பூசி எனாமல் அடித்திருந்தார்கள். அவர் அந்தப் பொடியை நுனிவிரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உப்பு சார். கீழேர்ந்து ஈரம் ஏறுது. சுண்ணாம்புப் பூச்சா இருந்தா அது பாட்டுக்குக் காஞ்சிருக்கும். சிமெண்ட் போட்டு மேல பெயிண்டும் அடிச்சுட்டாங்க, ஈரம் வெளிய போக வழியில்ல. உள்ள இருக்கற செங்கல்லு மாவா போயிடும்." அந்தச் சுவருக்குப் புதுப் பூச்சு நடந்தது எதற்கு என்று விசாரித்தேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நடந்த ஆண்டு விழாவுக்காகத்தான்.

நீற்றிய சுண்ணாம்பும் மணலும் கலந்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசிய சுவர் அது. சென்னைச் சுண்ணாம்புப் பூச்சின் பளிங்கு போன்ற வழவழப்பு ஒரு காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் எழுதி வைக்கும் அளவுக்குப் புகழ்பெற்றிருந்தது. அத்தகைய சுவருக்கு விழாச் செலவில் செய்யக்கூடிய நன்மை மிகக் குறைவு; செய்யாமல் இருக்க வேண்டியவையோ பல. சிமெண்டால் ஒட்டுப்போடக் கூடாது. ஈரத்தை அடைக்கும் வண்ணம் அடிக்கக் கூடாது, சுண்ணாம்பே அடிக்கலாம். பதாகை கட்ட ஆணி அறையக் கூடாது. தூணின் நகாசு வேலைப்பாட்டில் கயிற்றை இறுக்கக் கூடாது. தனியாக மூங்கில் நட்டு அதில் கட்டலாம். சரவிளக்குப் போடுவதாக இருந்தால் பழைய மின்கம்பியில் சுமையை ஏற்றாமல் தனி இணைப்பு எடுக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் மிகையாகச் சொல்லவில்லை. 1985இல் மூர் மார்க்கெட்டைத் தீ தின்றது. 2012 ஜனவரியில் சேப்பாக்கம் அரண்மனையின் கலச மகால் எரிந்து, அணைக்கப் போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். 1768இல் எழுந்த அந்த அரண்மனை பின்னர் மீட்டெடுக்கப்பட்டது நம் நல்லூழ். மூர் மார்க்கெட் திரும்பி வரவில்லை. மரச்சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸ் கூரைகளுக்குக் கீழே நின்று விழா எடுப்பவர்கள், அந்த மரங்களுக்கு நூற்றைம்பது ஆண்டு வறட்சி ஏறியிருக்கிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை. சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் வழங்கிய தீர்ப்பின் வழியாக, நீதிபதி பத்மநாபன் குழு அடையாளம் கண்ட 467 கட்டடங்களின் பட்டியல் பாதுகாப்புக்கு அடிப்படையாயிற்று. உங்கள் கட்டடம் அந்தப் பட்டியலில் இருந்தால், விழாவை முன்னிட்டு என்றாலும் முகப்பை மாற்றும் எந்த வேலைக்கும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழுவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆண்டு நிறைவு ஒரு கட்டடத்துக்கு உண்மையிலேயே நன்மை செய்ததைப் பார்த்ததும் உண்டு. பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டையொட்டி செனட் ஹவுஸ் மீட்டெடுக்கப்பட்டபோது, பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த அந்தப் பெரிய மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிகளும் உட்சுவர் ஓவியங்களும் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. நிறுவனத்தின் நாள், கட்டடத்தின் திருப்பணிக்குக் காரணமாயிற்று. முதல் முறை உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டடத்துக்கு 2029இல் 150 வயது நிறைகிறது. இம்முறை கட்டடத்தின் பெயராலேயே நாள் குறிக்க வேண்டும் என்று என் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நல்ல நாள்களை மட்டும் குறித்தால் ஏடு நிறைவாகாது என்பதும் என் எண்ணம். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைக் குண்டுவீசித் தாக்கியதற்கு உயர் நீதிமன்றச் சுவரில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அந்த நாளில் அங்கே போய் நிற்கும்போது, 1894 முதல் 1977 வரை அதன் கோபுர உச்சியில் கலங்கரை விளக்கு எரிந்ததையும், அதே வளாகத்தில் 1844இல் எழுந்த பழைய விளக்குத் தூண் இன்றும் நிற்பதையும் சேர்த்துச் சொல்வேன். எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்ட் 23 அன்று திறக்கப்பட்டது. சென்னை நாளுக்கு மறுநாள். அதற்கு 1975இல் தீப்பிடித்த நினைவை அந்தப் பக்கம் குடியிருந்த முதியவர்கள் நேரில் பார்த்தவர்களாகச் சொல்வதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். நூறு வயது ஆகாத கட்டடங்களுக்கும் ஏட்டில் இடம் வேண்டும். அவற்றை அறிந்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

நான் வழக்கமாக்கிக்கொண்ட பழக்கம் ஒன்று, பின்பற்ற விரும்புபவர்களுக்குப் பயன்படக்கூடும். ஒவ்வொரு கட்டடத்திலும் ஐந்து இடங்களைக் குறித்துவைத்து, ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில், அதே இடத்தில் நின்று, அதே உயரத்தில் படம் எடுப்பேன். ஒரே படத்தில் தெரியாதது நான்கைந்து ஆண்டுப் படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும். ஒரு கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் முதல் ஆண்டு இரண்டு இலையோடு இருந்த அரசங்கன்று, மூன்றாம் ஆண்டு முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, அதன் வேர் செங்கல் வரிசையைப் பிளந்திருந்தது. மூன்று படங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுப் பொறுப்பில் இருந்த அதிகாரியிடம் கொடுத்தேன். முன்பு எழுதிய இரண்டு கடிதங்களுக்கு வராத பதில், அந்தத் தாளுக்கு இரண்டே வாரத்தில் வந்தது. வெறுமனே வெட்டிவிட்டால் மீண்டும் தழைக்கும், வேரோடு எடுத்துப் பிளவைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும் என்று மேஸ்திரி சொன்னதையும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தேன். விரிசலாக இருந்தால் பொறியாளர்கள் அதன் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி, நாளும் எழுதி வைப்பார்கள். அடுத்த ஆண்டு கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

பள்ளி அரங்கின் உண்மையான நூற்றாண்டு மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் நான் ஓய்வு பெற்றிருந்தேன். ஆனாலும் தலைமையாசிரியர் என்னை அழைத்தார். இம்முறை முன்னாள் மாணவர்களிடம் திரட்டிய பணத்தை முதலில் கூரைக்குச் செலவிட்டோம். ஒழுகிய பகுதியில் இற்றுப்போன இரண்டு மரச்சட்டங்களை மாற்றி, தளத்தைச் சுண்ணாம்பிலேயே போட்டு முடிக்க நான்கு மாதமாயிற்று. பிறகு அடிக்கல். தொல்பொருள் பாதுகாப்பில் பயின்ற ஒருவர் வந்து, பசை போன்ற மருந்தைத் தடவி ஊறவைத்து, மூங்கில் குச்சியால் எனாமலை இழை இழையாக உரித்தெடுத்தார். ஒரு நாள் முழுவதும் நான் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மாலையில் கடைசி வரி வெளிப்பட்டது. அதில் எந்தப் பிரமுகரின் பெயரும் இல்லை. கட்டிய மேஸ்திரியின் பெயரும், அவர் ஊரும் இருந்தன. விழா மேடையில் அந்த வரியைப் படிக்க அந்த அம்மையாரைத்தான் அழைத்தோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கல்லின் அருகே குனிந்து, மேல் வரியிலிருந்து தொடங்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தார்.